ஒரே தாவலில் டெல்லி போகுமா? எக்செல்லில் ஒரு குட்டி ஜெட் விமானக் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் எக்செல்லைத் திறந்து பார்ப்போம். கட்டம் கட்டமாக ஏதோ தெரியும். வீட்டுச் செலவுக் கணக்கை நான்கு வரி டைப் செய்துவிட்டு மூடிவிடுவோம். எக்செல்லின் உண்மையான பலம் கூட்டல் போடுவதில் இல்லை. "இது இப்படி இருந்தால் என்ன ஆகும்? அதை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்டால் உடனே பதில் சொல்வதில் இருக்கிறது. அதை இந்த மாதம் ஒரு சுவையான கணக்கின் மூலம் கற்றுக்கொள்வோம்.

எங்கள் ஊர் விருதுநகர். சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என் அப்பாவுக்குப் பழக்கம். ஒரு நாள் கையில் ஒரு வண்ண பிரவுச்சரோடு வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை. நானும் இன்னும் ரெண்டு பேரும் டெல்லியில ஒரு ஆர்டர் பேசப் போகணும். மதுரையில இருந்து சின்ன ஜெட் வாடகைக்கு எடுக்கலாமான்னு பாக்கோம். 1,150 மைல் போகும்னு இதுல போட்டிருக்கு. ஒரே தாவல்ல டெல்லி போயிருமா?" என்றார்.

பிரவுச்சரில் இருந்தது செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங். 2005 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்த, இரண்டு எஞ்சின் கொண்ட மிகச் சிறிய பிசினஸ் ஜெட். 2017-இல் இதன் தயாரிப்பு நின்றுவிட்டாலும் உலகெங்கும் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சியின் கேள்விக்கு எக்செல்லில் பதில் தேடினேன். முதல் முயற்சியில் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தூரம்

விமானக் கணக்கில் தூரத்தை நாட்டிகல் மைலில் சொல்வார்கள். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர். அட்சரேகையில் ஒரு டிகிரியை 60 பாகமாகப் பிரித்தால் வரும் ஒரு நிமிடம்தான் ஏறக்குறைய ஒரு நாட்டிகல் மைல். வேகத்தை நாட் என்பார்கள். மணிக்கு ஒரு நாட்டிகல் மைல் போனால் ஒரு நாட்.

மதுரை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 9 டிகிரி 50 நிமிடத்தில் இருக்கிறது. டெல்லி விமான நிலையம் 28 டிகிரி 34 நிமிடம். தீர்க்கரேகையில் இரண்டுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். அதாவது டெல்லி கிட்டத்தட்ட மதுரைக்கு நேர் வடக்கே இருக்கிறது. அட்சரேகை வித்தியாசம் 18 டிகிரி 44 நிமிடம். நிமிடமாக மாற்றினால் 18 x 60 + 44 = 1,124. எனவே தூரம் சுமார் 1,124 நாட்டிகல் மைல் என்று மனக்கணக்கிலேயே வந்துவிட்டது! பூமியை உருண்டையாக வைத்து முறையாகக் கணக்கிட்டால் 1,126 வருகிறது. கூகுள் எர்த் வைத்திருப்பவர்கள் ரூலர் கருவியில் நாட்டிகல் மைலைத் தேர்ந்தெடுத்து அளந்து பார்க்கலாம். நீங்கள் கிளிக் செய்யும் இடத்தைப் பொறுத்துச் சில மைல்கள் கூடக் குறைய வரும்.

பிரவுச்சரில் 1,150. நமக்குத் தேவை 1,126. "போகலாம் போலிருக்கிறதே!" என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஒர்க் ஷீட்டைத் தயார் செய்வோம்

எக்செல்லைத் திறந்து புதிய ஒர்க் புக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிபரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதே போலச் செய்யலாம். ஒரு முக்கியக் குறிப்பு: கீழே பார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பி5 என்று இருந்தால் கீபோர்டில் பி என்ற ஆங்கில எழுத்தையும் 5 என்ற எண்ணையும் டைப் செய்ய வேண்டும். எல்லா பார்முலாவும் சமக்குறியில்தான் தொடங்க வேண்டும். அதை மறந்தால் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

முதல் வரிசையில் ஏ1-இல் "விவரம்", பி1-இல் "அளவு", சி1-இல் "யூனிட்" என்று டைப் செய்யுங்கள். மூன்றாவது பத்தி எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தப் பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இனி ஒவ்வொரு வரிசையாக விவரம், அளவு, யூனிட்டை நிரப்புவோம்.

வரிசை 2: ஆட்களின் எடை, 375, கிலோ (இரண்டு பைலட்டுகள், மூன்று பயணிகள், ஆளுக்கு 75 கிலோ)
வரிசை 3: பைகள், 30, கிலோ
வரிசை 4: காலண்டர் சாம்பிள், 40, கிலோ
வரிசை 5: மொத்தச் சுமை, =பி2+பி3+பி4, கிலோ
வரிசை 6: மொத்தச் சுமை, =பி5*2.2046, பவுண்டு
வரிசை 7: விமானத்தின் வெற்றெடை, 5600, பவுண்டு
வரிசை 8: டேக் ஆஃப் உச்ச எடை, 8645, பவுண்டு
வரிசை 9: டேங்க் கொள்ளளவு, 2580, பவுண்டு
வரிசை 10: தூரம், 1126, நாட்டிகல் மைல்
வரிசை 11: விமானத்தின் வேகம், 320, நாட்
வரிசை 12: எதிர்க்காற்று, 20, நாட்
வரிசை 13: தரை வேகம், =பி11-பி12, நாட்
வரிசை 14: ஒரு மணி நேர எரிபொருள், 550, பவுண்டு
வரிசை 15: தரையில் ஓடவும் மேலே ஏறவும் கூடுதல், 200, பவுண்டு

உச்ச எடையும் டேங்க் கொள்ளளவும் தயாரிப்பாளர் கொடுத்தவை. வெற்றெடை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக எடை போட்டுக் குறிக்கப்படும். 5,600 என்பதும், வேகம், காற்று, எரிபொருள் எண்களும் பாடத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. இப்படி நாமாக வைத்துக்கொண்ட எண்கள் உள்ள செல்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்துவிடுங்கள். எது உறுதி, எது ஊகம் என்று பார்த்தவுடன் தெரியும்.

"காலண்டரை விட்டுவிட்டுப் பட்டாசு சாம்பிள் கொண்டு போகலாமே, சிவகாசிக்காரர்தானே" என்று சிலர் கேட்கலாம். அது நடக்காது. பட்டாசு வெடிபொருள் வகையைச் சேர்ந்தது. பயணிகளின் பையில் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிகூட விமானத்தில் ஏறக் கூடாது.

எரிபொருளை எப்படிக் கணக்கிடுவது?

லாரிக்கு டீசல் போடுவது போல், "போய்ச் சேரும் அளவு" மட்டும் விமானத்தில் நிரப்ப முடியாது. வானத்தில் பங்க் இல்லை. எனவே உலக அளவிலான விமான விதிகள் எரிபொருளைப் பல பாகமாகப் பிரிக்கின்றன. பயணத்துக்கு ஒரு பங்கு. காற்றும் வழியும் மாறினால் சமாளிக்க அதில் 5 சதவீதம். போய்ச் சேரும் ஊரில் இறங்க முடியாவிட்டால் வேறு விமான நிலையம் போக ஒரு பங்கு. அங்கேயும் மேலே வட்டமிட்டுக் காத்திருக்க நேர்ந்தால் ஜெட் விமானத்துக்குக் கடைசி 30 நிமிட எரிபொருள். இந்தக் கடைசிப் பங்கைத் தொடும் நிலை வந்தாலே அது அவசர நிலை.

டெல்லியில் குளிர்காலப் பனிமூட்டம் நமக்குத் தெரிந்ததே. மாற்று விமான நிலையமாக ஜெய்ப்பூரை வைத்துக்கொள்வோம். டெல்லியில் இருந்து சுமார் 125 நாட்டிகல் மைல்.

வரிசை 16: பயண எரிபொருள், =பி10/பி13*பி14, பவுண்டு
வரிசை 17: 5 சதவீதம், =பி16*5%, பவுண்டு
வரிசை 18: மாற்று நிலையத்தின் தூரம், 125, நாட்டிகல் மைல்
வரிசை 19: அதற்கான எரிபொருள், =பி18/பி13*பி14, பவுண்டு
வரிசை 20: கடைசி 30 நிமிடம், =பி14/2, பவுண்டு
வரிசை 21: மொத்த எரிபொருள், =பி15+பி16+பி17+பி19+பி20, பவுண்டு
வரிசை 22: டேக் ஆஃப் எடை, =பி6+பி7+பி21, பவுண்டு
வரிசை 23: டேங்க்கில் மீதி, =பி9-பி21, பவுண்டு
வரிசை 24: எடையில் மீதி, =பி8-பி22, பவுண்டு

கடைசியாக பி25-இல் எக்செல்லையே தீர்ப்புச் சொல்ல வைப்போம். இதற்கு இஃப் என்ற பங்ஷன் (ஐ, எஃப் என இரண்டே எழுத்து) உதவும்:

=இஃப்(பி23<0,"டேங்க் போதாது",இஃப்(பி24<0,"எடை கூடுதல்","போகலாம்"))

இதன் பொருள் எளிது. டேங்க் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனால் முதல் செய்தி. இல்லாவிட்டால் எடையைப் பார். அதுவும் மைனஸில் இருந்தால் இரண்டாவது செய்தி. இரண்டும் சரியென்றால் மூன்றாவது.

என்டர் தட்டிவிட்டுப் பாருங்கள். மொத்த எரிபொருள் 2,872 பவுண்டு என்று வரும். டேங்க்கில் பிடிப்பதோ 2,580. மீதி மைனஸ் 292. எடையிலும் 808 பவுண்டு அதிகம். தீர்ப்பு: "டேங்க் போதாது". எதிர்க்காற்றை 0 என்று மாற்றிப் பாருங்கள். அப்போதும் 142 பவுண்டு குறைகிறது.

அப்படியானால் பிரவுச்சர் பொய்யா? இல்லை. காற்றே இல்லாமல், மிக உயரத்தில், சிக்கனமான வேகத்தில், குறைந்த சுமையோடு பறந்தால் கிடைக்கும் அதிகபட்சத் தூரம் அது. பைக் விளம்பரத்தில் வரும் மைலேஜ் போலத்தான். நம் அண்ணாச்சியோ மூன்று பேரோடும் காலண்டரோடும் போகிறார்.

நான் செய்த தப்பு

இப்போது என் கதைக்கு வருகிறேன். முதலில் நான் போட்ட ஷீட்டில் சி பத்தியும் இல்லை, வரிசை 6-ம் இல்லை. டேங்க் நிறைய எரிபொருள் நிரப்பினால் எடை தாங்குமா என்று மட்டும் பார்த்தேன். வெற்றெடை 5,600, சுமை 445, எரிபொருள் 2,580. கூட்டினால் 8,625. உச்ச எடை 8,645. "தாங்குகிறது, 20 மிச்சம்" என்று சந்தோஷமாக அப்பாவிடம் காட்டினேன்.

என் அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். கம்ப்யூட்டர் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மானிட்டரைப் பார்த்தார். "இந்த 445 என்னப்பா?" என்றார். "சுமை" என்றேன். "விமானத்து எடை எதுல இருக்கு?" "பவுண்டுல." "அப்ப இதுவும் பவுண்டா? 445 பவுண்டுன்னா 200 கிலோ. அஞ்சு ஆளு, பை, காலண்டர் எல்லாம் சேர்த்து 200 கிலோவா? ஆளுக்கு நாப்பது கிலோகூட வரலையே!"

எனக்கு வேர்த்துவிட்டது. கிலோவை அப்படியே பவுண்டோடு கூட்டியிருந்தேன். சரியாகக் கூட்டினால் 5,600 + 981 + 2,580 = 9,161. உச்ச எடையைவிட 516 பவுண்டு, அதாவது 234 கிலோ அதிகம். மூன்று ஆட்களின் எடைக்கும் மேல்! எக்செல் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. தரவும் தராது. அதற்கு 445 என்பது வெறும் எண். கிலோவா பவுண்டா என்பது நமக்குத்தான் தெரியும்.

இந்தத் தப்பைச் செய்தது நான் மட்டும் இல்லை. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் மான்ட்ரியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. எரிபொருள் அளவு காட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை. டேங்க்கில் இருந்த லிட்டரைக் கையால் அளந்து எடையாக மாற்றினார்கள். தேவை 22,300 கிலோ. டேங்க்கில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டருக்கு 0.803 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்று பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண். விளைவு, 20,088 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் போதும் என்று கணக்கு வந்தது. பாதி வழியில் வானத்திலேயே இரண்டு எஞ்சினும் நின்றன. பைலட்டுகள் விமானத்தைக் காற்றில் மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப் படைத் தளத்தில் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கணக்கில் கூட்டலும் வகுத்தலும் சரி. யூனிட்தான் தப்பு.

நம் ஊரிலும் இதே ஆபத்து உண்டு. ஆட்களைக் கிலோவில் நிறுப்போம், இந்த விமானத்தின் எடை பவுண்டில், எரிபொருள் வருவதோ லிட்டரில். அதனால்தான் சி பத்தி. கூட்டும் செல்கள் எல்லாவற்றுக்கும் நேரே ஒரே யூனிட் இருக்கிறதா என்று ஒருமுறை விரலால் தொட்டுச் சரிபாருங்கள்.

நாக்பூர் வழியாக

நேராகப் போக முடியாது என்றால் நடுவில் எரிபொருள் நிரப்பலாம். மேப்பைப் பார்த்தால் நாக்பூர் ஏறக்குறைய அதே நேர்கோட்டில் இருக்கிறது. மதுரை நாக்பூர் 678, நாக்பூர் டெல்லி 461, மொத்தம் 1,139 நாட்டிகல் மைல். 13 மைல்தான் கூடுதல்!

பி10-இல் 678 என்று மாற்றுங்கள். நாக்பூருக்கு மாற்று நிலையமாக ராய்ப்பூரை வைத்து, பி18-இல் 151 என்று மாற்றுங்கள். மற்ற செல்களைத் தொட வேண்டாம். எரிபொருள் 2,057 பவுண்டு ஆகிறது. டேங்க்கில் 523 மீதி. எடையில் மீதி 7 பவுண்டு. தீர்ப்பு: "போகலாம்".

7 பவுண்டு என்பது மூன்று கிலோ சொச்சம். இப்போது அண்ணாச்சி, "இன்னும் பத்து கிலோ காலண்டர் ஏத்திக்கிடுவோமே" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி4-இல் 50 என்று டைப் செய்தால் மீதி மைனஸ் 15. "எடை கூடுதல்". பி4-ஐ மறுபடி 40 ஆக்கிவிட்டு எதிர்க்காற்றை 30 ஆக்கினாலும் மைனஸ் 48. ஒரு கட்டு காலண்டரும் கொஞ்சம் காற்றும் போதும், கணக்கு கவிழ்ந்துவிடும்.

எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்று எக்செல்லையே கேட்கலாம். முதலில் பி12-ஐ 20 ஆக்கிவிடுங்கள். பிறகு டேட்டா பகுதியில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதில் உள்ள கோல் சீக்கைக் கிளிக் செய்யுங்கள். பழைய எக்செல்லிலும் லிபரே ஆபீஸிலும் இது டூல்ஸ் மெனுவில் இருக்கும். முதல் பெட்டியில் பி24, இரண்டாவதில் 0, மூன்றாவதில் பி4 என்று கொடுத்து ஓகே தட்டுங்கள். ஒரு நொடியில் 43.2 கிலோ என்று பதில் வரும்.

2,057 பவுண்டு எத்தனை லிட்டர்? 2.2046-ஆல் வகுத்தால் 933 கிலோ. லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தால் சுமார் 1,166 லிட்டர். இதையும் தனி வரிசைகளில், யூனிட்டோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலும் ஒரு சுமைதான்

வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறையும், எஞ்சினுக்கும் இழுவை குறையும். விமானம் அதிக தூரம் ஓடித்தான் மேலே கிளம்பும். இதை அளக்க அடர்த்தி உயரம் என்ற கணக்கு உண்டு. மதுரை ஓடுதளம் கடல் மட்டத்துக்கு மேல் 459 அடி. பி27-இல் 459, பி28-இல் வெப்பம் 38 டிகிரி என்று கொடுத்து, பி29-இல் இதை டைப் செய்யுங்கள்:

=பி27+120*(பி28-(15-2*பி27/1000))

விடை 3,329 அடி. அதாவது சித்திரை மாத மத்தியானத்தில் மதுரையில் நிற்கும் விமானத்துக்கு, கொடைக்கானல் மலையில் ஏறக்குறையப் பாதி ஏறி நிற்பது போல. மஸ்டாங்குக்குக் கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் 3,110 அடி ஓடுதளம் போதும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. வெயிலில் அது எவ்வளவு கூடும் என்பதை விமானத்தின் மேனுவலில் உள்ள அட்டவணையில்தான் பார்க்க வேண்டும், நாமாக ஊகிக்கக் கூடாது. மதுரையில் 2,285 மீட்டர், அதாவது சுமார் 7,500 அடி இருப்பதால் கவலை குறைவு. தூத்துக்குடியில் பல ஆண்டுகள் 1,350 மீட்டர் ஓடுதளம்தான் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த ஒரு வரிசையே முடிவைத் தீர்மானித்துவிடும். பி28-இல் 26 என்று காலை நேர வெப்பத்தைக் கொடுத்துப் பாருங்கள். 1,889 அடியாகக் குறைவது தெரியும்.

இந்த ஷீட் நாம் கற்றுக்கொள்வதற்கு மட்டுமே. உண்மையான பயணத்துக்கு பைலட் அன்றைய வானிலை, மேல்காற்று, மேனுவல் அட்டவணை எல்லாவற்றையும் பார்த்துத்தான் திட்டத்தைக் கொடுப்பார். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இப்போது அண்ணாச்சிக்குத் தெரியும். பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நாக்பூர்ல இறங்கி ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம். காலண்டரை முந்தின வாரமே பார்சல்ல போட்டுருவோம்" என்றார். உடனே பி4-இல் 0 போட்டேன். மீதி 95 பவுண்டு. அப்பா அதையும் பவுண்டா கிலோவா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனார்.

நீங்களே செய்து பாருங்கள்

பைலை சேவ் செய்துவிட்டு, வேறு பெயரில் இன்னொரு காப்பி எடுங்கள். அதில் பி10-இல் 461, பி18-இல் 125 கொடுத்து நாக்பூர் டெல்லி பயணத்தைக் கணக்கிடுங்கள். எரிபொருள் சுமார் 1,592 பவுண்டு வந்தால் உங்கள் பார்முலாக்கள் சரி. பிறகு விமானத்தை விட்டுவிட்டு உங்கள் காரையோ வேனையோ வைத்து இதே ஷீட்டை மாற்றி எழுதுங்கள். தூரம், மைலேஜ், டேங்க் கொள்ளளவு, எத்தனை பேர். குலதெய்வக் கோயிலுக்குப் போகும் முன் வழியில் எங்கே டீசல் போட வேண்டும் என்று எக்செல் சொல்லும். சி பத்தியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.